சேற்றில் கிடைத்த காந்தம்

இன்னைக்கு நான் சொல்லப்போறது ஒரு சேற்றுக் கதை.

1963. இத்தாலியின் பவியா பல்கலைக்கழகம். சல்வடோரே பெல்லினி மைக்ராஸ்கோப்பில் தண்ணீர்த் துளி ஒன்றைப் பார்க்கிறார். சில பாக்டீரியாக்கள் மட்டும் விடாம வடக்குப் பக்கமே நீந்துது. இதுங்களுக்குள்ள ஏதோ ஒரு காந்த ஊசி இருக்கணும்னு யூகிச்சு, இத்தாலிய மொழியில் எழுதி வைத்தார். சர்வதேச ஆய்விதழ் எதிலும் அது வரலை. ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சானது எப்ப தெரியுமா? 2009ல!

நடுவுல என்ன நடந்தது? அமெரிக்காவில் ரிச்சர்ட் பிளேக்மோர் என்ற ஆராய்ச்சி மாணவர், சேற்றில் இருந்த பாக்டீரியாக்கள் ஒரே பக்கமாக ஓடுவதைக் கவனித்தார். வெளிச்சத்தைத் தேடிப் போகுதோ? மைக்ராஸ்கோப்பை மூடினார், இடம் மாத்தினார். திசை மாறலை. ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார். மொத்தக் கூட்டமும் திரும்பிடுச்சு! 1975ல 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. உள்ளே இருப்பது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்ஸைடுதான் என்பது 1979ல உறுதியாச்சு.

எனக்கு மலைப்பா இருக்கிறது இதுதான். சோதனைக்கூடத்தில் ஒரே அளவிலான நானோ துகள் வேணும்னா, கரிமக் கரைப்பான்களை 250 டிகிரிக்கு மேல கொதிக்க வைக்கிற முறைதான் பேர்போனது. பாக்டீரியா அதையே சாதாரணச் சூட்டில், தண்ணீரில், மெல்லிய சவ்வு உறையும் போட்டுச் செய்யுது. அந்த உறைமேல மருந்தையோ என்சைமையோ ஒட்டலாம். 1987லயே ஜப்பானில் மட்சுனாகா குழு என்சைமை ஒட்டிக் காட்டினாங்க.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இதைப் பயன்படுத்தலை? இந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கொஞ்சமா, அளவா இருக்கணும். வளர்க்கிறது கஷ்டம், கிடைக்கிறதும் கொஞ்சம்தான். உடம்புக்குள்ள செலுத்தணும்னா பாக்டீரியா மிச்சத்தைச் சுத்தமா நீக்கணும்.

இன்னொரு வழியும் இருக்கு. 1981ல பிரான்சின் ரெனே மசார், இரண்டு இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கலந்து, காரம் சேர்த்தே துகள்களை உண்டாக்கினார். பின்னாடி வந்தவங்க தேயிலைச் சாறு, இலைச் சாறுன்னு முயற்சி பண்ணாங்க. ஆனா இலைச் சாறு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. துகளின் அளவும் மாறும். ரத்தத்தில் ஏத்துற பொருளுக்கு அந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. அதனால 'பசுமை முறை'ன்னு லேபிளைப் பார்த்ததும் நான் கேக்கிற கேள்வி: அடுத்த தடவையும் இதே துகள் வருமா?

பெல்லினிக்கு வருவோம். அவர் பார்த்தது சரி. ஆனா அந்தப் பேச்சு எட்டின தூரம் ரொம்பக் குறைவு. பிளேக்மோர் அதே விஷயத்தை முதலில் இருந்து கண்டுபிடிக்க வேண்டி வந்தது. 12 வருஷம்! வேற எந்த மொழியில், எந்த அலமாரியில் இன்னொரு பெல்லினி காத்திருக்கிறாரோ? தெரிஞ்சா எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.