போய்த் திரும்பும் தீவும் சுற்றி வரும் தீவும்

கிருஷ்ணன்கோவில் விலக்கில் அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு வாடகைக் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றால், அது திருச்செந்தூருக்கு, இல்லையென்றால் ராமேஸ்வரத்துக்கு. டிக்கியில் புளிசாதத் தூக்கும் மாற்றுத்துணிப் பையும் இருக்கும். முன்சீட்டில் ஆச்சி, பின்சீட்டுகளில் தூக்கம் கலையாத பிள்ளைகள். “ஒரே நாள்ல போய்ட்டு வந்துரலாம்” என்பது வண்டி பேசும்போதே முடிவான விஷயம்.

இதே போல ஒரு நாள் தீவுப் பயணம் மலேசியத் தமிழர்களுக்கும் உண்டு. அவர்கள் சுற்றுவது பினாங்கு. அங்கும் கார் வாடகைதான், குடும்பம்தான், கோயிலும் உண்டு. ஆனால் இரண்டு நாட்களும் இரண்டு விதம். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் சாலை. ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவுக்கு 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறந்தார்கள். அதுவரை 1914-இல் வந்த ரயில் பாலம்தான் ஒரே தரைவழி. பினாங்குக்கு 1985-இல் முதல் பாலமும் 2014-இல் இரண்டாம் பாலமும் வந்தன. இரண்டாவது 24 கி.மீ. நீளம், அதில் 17 கி.மீ. அளவுக்குக் கடல்மேல் போகிறது. பாம்பன் சாலைப் பாலம் 2.3 கி.மீ.தான். ஆனாலும் பாம்பனில் பிள்ளைகள் தூக்கத்திலிருந்து எழுந்து ஜன்னலுக்கு முண்டியடிப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. கீழே படகுகள், பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலம்.

தீவுக்குள் போனதும் வழிகள் பிரிந்துவிடுகின்றன. பாம்பன் தீவு ஒரு நீண்ட வால். ராமேஸ்வரம் தாண்டி, கோதண்டராமர் கோயில் தாண்டி, தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் தாண்டி அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. போன வழியே திரும்ப வேண்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் ஒரு ரயிலையும் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அந்த முனைக்குத் தார்ச்சாலை இல்லை. மணலில் ஓடும் வேனில்தான் போனோம். 2017-இல் சாலை திறந்த பிறகுதான் நம் ஊர்க் கார் அங்கே போய் நிற்கிறது.

பினாங்கு அப்படியல்ல. ஜார்ஜ் டவுனில் புறப்பட்டு, வடகரையில் பத்து ஃபெரிங்கி, தெலுக் பகாங், அங்கிருந்து வளைவு வளைவான மலைப்பாதை, பழத்தோட்டங்கள், டுரியான் பேர்பெற்ற பாலிக் பூலாவ், தெற்கே பாயான் லெப்பாஸ், மறுபடி ஜார்ஜ் டவுன். சுமார் 70 கி.மீ. வட்டம். போன வழி மறுபடி வராது.

கணக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். பாம்பனிலிருந்து முனை வரை போய்த் திரும்பினால் 65 கி.மீ. போல. ஆக, இரண்டு தீவிலும் சக்கரம் உருளும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பினாங்குக்காரருக்கு அதோடு பயணம் முடிந்தது. நமக்கோ சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் என்று போக வர இன்னும் 400 கி.மீ. இருக்கிறது.

அடுத்தது வண்டி. இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். வேறுபாடு, ஓட்டுவது யார் என்பதில். பினாங்கில் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டு ஆளே ஓட்டுவார். நாள் வாடகை, முன்பணம், எடுத்த அளவுக்குப் பெட்ரோல் நிரப்பித் திருப்பித் தருவது. நம் ஊரில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து டாக்சி வண்டி. கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா தனி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு, நாமே ஓட்டும் வாடகை வண்டிகள் நகரங்களில் வந்துவிட்டாலும், ராமேஸ்வரம் என்றால் “டிரைவரோட வண்டி”தான்.

இதில் லாபம் நமக்கு. பினாங்கில் அப்பா மலைப்பாதை முழுக்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவார். கடலைப் பார்ப்பது மற்றவர்கள். நம் வண்டியில் அப்பாவும் ஜன்னலோரம். கோயில் ஒரு மணிக்கு நடைசாத்தி மூன்று மணிக்குத் திறக்கும், அந்த இடைவேளையில் கலாம் நினைவிடம் பார்க்கலாம், இருட்டுமுன் முனையிலிருந்து திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் டிரைவருக்கு மனப்பாடம். அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, வரிசையில் நிற்பதற்குள் பாதிப் பகல் போய்விடும். பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி ஏற வேண்டும். ஆனால் காலையிலேயே ஏறி இறங்கிவிட்டால் மீதி நாள் முழுக்கத் தீவுக்குத்தான்.

நட்டமும் இங்கேதான். கடலைப் பார்க்காத அந்த ஒருவர் நம் வண்டியிலும் இருக்கிறார். அவர் நம் வீட்டு ஆள் இல்லை, அவ்வளவுதான். பினாங்கில் அப்பாவுக்குக் கண் சொருகினால் “நிறுத்துங்க, ஒரு டீ குடிக்கலாம்” என்று அம்மா சொல்லிவிடுவார். நம் டிரைவர் ஒரு மணிக்கு எழுந்தவர். நாம் தீர்த்தமாடும்போது வெயிலில் நிற்கும் வண்டிக்குள் காலை மடக்கிப் படுத்திருந்தவர். இரவு பத்து மணிக்கு அருப்புக்கோட்டை தாண்டும்போது வண்டியில் எல்லோரும் தூங்குகிறார்கள், அவரைத் தவிர. மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-இலேயே சட்டம் வந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒற்றை வண்டி வைத்து ஓட்டுபவர் அதன் கணக்கிலேயே வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பினாங்கு ஒரு நாளில் முடியும் தீவு. கிருஷ்ணன்கோவிலிலிருந்து ராமேஸ்வரம் ஒரு நாளில் முடிவதில்லை, நாம் முடித்துவிடுகிறோம். அடுத்த முறை வண்டி பேசும்போது இரண்டு நாளாகப் பேசுங்கள். பேட்டாவோடு டிரைவருக்கு ஒரு கட்டிலையும் சேர்த்துப் பேசுங்கள்.