பாகூரின் வித்தியாபோகமும் பக்தாதின் வக்ஃபும்

புதுச்சேரிக்குத் தென்மேற்கே, கடலூருக்கு அணித்தாக அமைந்துள்ள பாகூர், தன் பெரிய ஏரியாலும் நெல் வயல்களாலும் அறியப்பட்ட ஊராகும். வரலாற்று நூல்களில் அவ்வூரின் பெயர் பெரும்பாலும் 1752இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே அங்கு நடந்த போரை ஒட்டியே வருகிறது. நம் கவனத்திற்கு உரியது அப்போர் அன்று. அதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் முற்பட்ட ஒரு கல்விக்கொடை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1879ஆம் ஆண்டு, பாகூரில் ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. அவை பின்னர்ப் பாரிஸ் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் அவற்றை எப்பிகிராபியா இண்டிகாவின் 18ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

வடமொழியும் தமிழும் விரவிய அச்செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. கிறித்தவ ஆண்டுக் கணக்கில் அதனைப் பொருத்துவதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டெனினும், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பதில் ஐயமில்லை. வேசாலிப் பேரரையன் என்னும் தலைவன் விண்ணப்பிக்க, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை மன்னன் வாகூர் வித்தியாஸ்தானத்தாருக்கு வழங்கினான். வாகூர் என்பதே இன்றைய பாகூர். வித்தியாஸ்தானம் என்பது கல்வி நிலையம். அதற்கென விடப்பட்ட கொடைக்கு வித்தியாபோகம் என்று பெயர். கோயிலுக்கு விடுவது தேவதானம், அந்தணருக்கு விடுவது பிரமதேயம் என்று வகுத்திருந்த காலத்தில், கல்விக்கு விடுவதற்கும் தனியே ஒரு பெயர் இருந்தது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் தனித்திருந்தால் கணக்கும் தனித்திருக்கும்.

பாகூர்ச் செப்பேடு கொடையைச் சொல்கிறதேயன்றி, மாணவர் எத்தனை பேர், அவர்களுக்கு உணவு எவ்வளவு என்ற விவரங்களைத் தரவில்லை. அவற்றை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருபுவனை இருக்கிறது. அங்கு முதலாம் இராசாதிராச சோழனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரியைக் குறிக்கிறது. அதற்காக ஒதுக்கப்பட்ட நிலம் 72 வேலி. இன்றைய வேலிக் கணக்கில் இது ஏறத்தாழ 475 ஏக்கர். ஆண்டு வருவாய் 12,000 கலம் நெல். அத்துடன், அங்குள்ள ஆசிரியரும் மாணவரும் ஊர்ச்சபையின் வாரியப் பணிகளிலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்தனர். படிப்பவனுக்குப் பொருள் மட்டுமன்று, நேரமும் வேண்டும் என்பதைக் கொடையாளர் அறிந்திருந்தனர்.

இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரத்தின் கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. இராசாதிராசனின் தந்தை முதலாம் இராசேந்திரன் காலத்தது. அங்கு மாணவர் 340 பேர். அவர்களுள் தொடக்க நிலையினர் 270, உயர்நிலையினர் 70. ஆசிரியர் 14 பேர். தொடக்க நிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் பயிலும் உயர்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. 96 நாழி கொண்டது ஒரு கலம் என்னும் கணக்கில், ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் முன்னவனுக்கு இருபத்திரண்டரைக் கலமும் பின்னவனுக்கு முப்பத்தேழரைக் கலமும் ஆகும். உயர்கல்வி பயில்வோனுக்குக் கூடுதல் உதவி என்னும் இன்றைய ஆய்வு உதவித்தொகையின் கொள்கையை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாழியால் அளந்து கல்லில் பொறித்துவிட்டனர்!

இக்கொடைகளைப் போற்றும்போது ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. இவை வேதக் கல்விக்கு, அந்தணர் பிள்ளைகளுக்கு உரியனவாக இருந்தன. அந்த 72 வேலியில் நாற்று நட்டு, அந்த 12,000 கலத்தை விளைவித்துக் கொடுத்த உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

இதே காலகட்டத்தில் முஸ்லிம் உலகிலும் மாணவனின் உணவையும் உறையுளையும் கல்வியோடு இணைத்துச் சிந்திக்கத் தொடங்கியிருந்தனர். கெய்ரோவில் ஹிஜ்ரி 378இல் (988), அமைச்சர் யஃகூப் இப்னு கில்லிஸின் வேண்டுகோளின்படி, ஃபாத்திமிய்யா கலீஃபா அல்அஸீஸ் 35 சட்ட அறிஞர்களுக்கு மாத உதவியும், அல்அஸ்ஹர் பள்ளிவாசலை ஒட்டி ஓர் இல்லமும் அளித்தார். பாகூரிலும் ஓர் அரசன், விண்ணப்பிக்க ஒரு தலைவன், கெய்ரோவிலும் அவ்வாறே. பக்தாதில் ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் நிறுவிய நிஜாமிய்யா மதரஸா 1067இல் திறக்கப்பட்டது. திருபுவனைக் கல்வெட்டுக்கு அது பத்தொன்பது ஆண்டுகள் பிற்பட்டது. நிஜாமிய்யாவின் வக்ஃபு ஷாஃபிஈ மத்ஹபினருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கலீஃபா அல்முஸ்தன்ஸிர் 1234இல் திறந்துவைத்த முஸ்தன்ஸிரிய்யாவில்தான் நான்கு மத்ஹபுகளுக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் கிடைத்தது: மத்ஹபுக்கு 62 பேர் வீதம் 248 மாணவர். நாள்தோறும் ரொட்டியும் இறைச்சியும், மாதம் ஒரு பொன் தீனாரும் பெற்றனர். திருபுவனையின் 260, பக்தாதின் 248. எண்ணிக்கை இவ்வளவு நெருங்கி வருவது தற்செயலே. ஆயினும் இடங்களை எண்ணி, அளவைக் குறித்து, வருவாய்க்குச் சொத்தை ஒதுக்கும் முறை ஒன்றே.

உதவித்தொகையைப் பற்றிய ஐயமும் அன்றே எழுந்தது. நிஜாமிய்யா எழுந்த செய்தி எட்டியபோது, மாவராவுன்னஹ்ர் பகுதியின் உலமாக்கள் துக்கம் கொண்டாடினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. இனிமேல் கூலிக்காகக் கல்வி தேடுவோர் பெருகிவிடுவர் என்பது அவர்களின் கவலை. அதற்கு விடை போல அமைந்திருப்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை. 1058இல் தூஸ் நகரில் பிறந்த அவர்களின் தந்தை ஏழை. அவர் தம் இரு புதல்வரையும் சிறிது பொருளையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு இறந்தார். பொருள் தீர்ந்ததும் அந்நண்பர், மதரஸாவில் சேர்ந்தால் உணவாவது கிடைக்கும் என்று பிள்ளைகளை அனுப்பிவைத்தார். தாங்கள் அல்லாஹ் அல்லாத ஒன்றுக்காகக் கல்வியைத் தேடியதாகவும், கல்வியோ அல்லாஹ்வுக்கன்றி வேறெதற்கும் ஆகிவர மறுத்துவிட்டதாகவும் இமாம் பிற்காலத்தில் கூறியதாக ஸுப்கீ தம் தபகாத்தில் பதிவு செய்துள்ளார். சோற்றுக்காக மதரஸா புகுந்த அச்சிறுவர்தாம் 1091இல் அதே நிஜாமிய்யாவின் பேராசிரியராக அமர்ந்தார். மாவராவுன்னஹ்ரின் உலமாக்கள் இரங்கியதற்கு இதைவிட நல்ல மறுமொழி ஏது?

வக்ஃபுச் சட்டத்தின் உயிர்நாடி, வாகிஃப் விதித்த நிபந்தனையாகும். அந்நிபந்தனை சட்டம் தந்தவனின் வாசகத்தைப் போன்றது என்பது ஃபுகஹாக்களின் விதி. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அறமாக்கியபோது, அதை விற்கலாகாது, வழங்கலாகாது, வாரிசுரிமையாகவும் ஆகாது என்று நிபந்தனை இட்டதிலிருந்து இம்முறை வளர்ந்தது. முதல் அழியாது, பலன் மட்டும் செலவாகும். எனவே வாகிஃப் எதை எழுதினாரோ அதுவே நடக்கும்; எழுதாதது நடக்காது.

தமிழக முஸ்லிம்கள் எதை எழுதினார்கள்? பள்ளிவாசலுக்கு எழுதினார்கள், தர்காவுக்கு எழுதினார்கள், கந்தூரிக்கும் விளக்கெண்ணெய்க்கும் எழுதினார்கள். மார்க்கக் கல்விக்கும் தாராளமாகவே கொடுத்தார்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும், 1898இல் தோன்றிய பெரம்பூர் ஜமாலியாவும் இதற்குச் சான்று. அரபிக் கல்லூரியில் சேரும் ஏழை மாணவனிடம் சோற்றுக்கும் இருப்பிடத்துக்கும் பணம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஓதும் பிள்ளைகளுக்கு முறைவைத்து வீட்டுச் சோறு அனுப்பிய ஊர்கள் பல. பிற்காலத்தில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி, சென்னைப் புதுக்கல்லூரி (இரண்டும் 1951) ஆகியவற்றை எழுப்பி, கலை, அறிவியல் கல்விக்கும் வாயில் திறந்தனர். ஆனால் அவ்வாயிலுக்குள் நுழையும் மாணவனுக்கு எத்தனை நாழி என்று எழுதிவைத்தவர் சிலரே. கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். மாணவன் உண்ட சோற்றில் பெயர் பொறிக்க இயலாதன்றோ!

இந்த இடைவெளியை அரசு ஓரளவு நிரப்பியது. 2006இல் சச்சார் குழுவின் அறிக்கை வெளியானதை அடுத்து, தொழிற்கல்விக்கான சிறுபான்மையினர் உதவித்தொகையும், 2009-10இல் முனைவர் பட்ட ஆய்வுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் வந்தன. வெளிநாட்டில் படிக்கக் கடன் வாங்கியோரின் வட்டிச் சுமையை ஏற்கும் ‘படோ பர்தேஷ்’ திட்டமும் பின்னர் வந்தது. 2022 டிசம்பரில் மக்களவையில் அளிக்கப்பட்ட ஒரு விடையின் வாயிலாக, பிற திட்டங்களோடு ஒத்துப்போகிறது என்ற காரணம் காட்டி மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. படோ பர்தேஷும் அதே நிதியாண்டில் நின்றது. 1989இல் தொடங்கிய மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடுமாறு 2024 பிப்ரவரியில் ஆணை பிறந்தது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் பிறக்கும் உதவி, அதே திட்டத்தில் இறக்கவும் கூடும். அதற்கு மூன்று ஊர்களின் நெல் பின்னணியில் இல்லை.

வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்தோ பாகூரிலிருந்தோ பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் இளைஞருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடலூர் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், தமிழ்நாட்டு மாணவருக்கென வகுத்த அரசு உதவிகள் புதுச்சேரிவாசியான அவருக்குக் கிட்டுவதில்லை. அவருடைய வழிகள் வேறு. தொழிற்கல்வியில் சேர்வோருக்குப் புதுச்சேரி அரசு காமராசர் பெயரால் வகுத்த நிதியுதவித் திட்டம் ஒன்று. முதுகலை முடித்தோருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு மற்றொன்று. இத்தேர்வில் அரபியும் ஒரு பாடம் என்பதை நம் ஆலிம்கள் பலரும் அறிவதில்லை. அஃப்ஸலுல் உலமா தேறி, முதுகலையும் பெற்ற ஒருவர் இதில் இளநிலை ஆய்வாளராகத் தேர்ந்தால், 2023 ஜனவரியிலிருந்து உள்ள வீதப்படி மாதம் 37,000 ரூபாய் பெறுவார். மதம், மாநிலம் எதுவும் இதற்குத் தடையன்று.

மூன்றாவது வழி ஜித்தாவிலிருந்து வருகிறது. இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, தன் உறுப்பு நாடுகள் அல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் சமுதாயங்களின் மாணவருக்கென 1983இல் ஓர் உதவித்திட்டத்தைத் தொடங்கியது. அதன் அமைப்பு வக்ஃபை ஒத்தது. பணம் சமுதாயத்துக்குக் கொடை. மாணவனுக்கோ அது கர்ளே ஹஸன் என்னும் வட்டியில்லாக் கடன். படித்து முடித்து வேலையில் அமர்ந்தபின் அவன் செலுத்தும் தவணை வங்கிக்குத் திரும்புவதில்லை. தன் நாட்டிலுள்ள அறக்கட்டளை ஒன்றில் சேர்ந்து, அடுத்து வரும் மாணவனின் கட்டணமாகிறது.