யோக்கியன் என்று யார் சாட்சி சொல்வது?

“அவரு பெரிய மனுசன்யா. அவரு போயி இதச் செய்வாரா?” ஊர்த்தெருவில் சொன்னால் இது வெறும் பேச்சு. நீதிமன்றத்தில் சொன்னால் இதுவே சாட்சியம். குற்ற வழக்கில் எதிரி நல்ல நடத்தை உள்ளவர் என்பது சம்பந்தமுள்ள சங்கதி என்றது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 53ஆம் பிரிவு. அவருடைய கெட்ட நடத்தையை அரசுத் தரப்பு தானாக முன்வந்து பேசக்கூடாது, எதிரி நன்னடத்தையைக் காட்டினால் பதிலுக்குப் பேசலாம் என்றது 54ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் இவை 47, 49 என்று எண் மாறி அப்படியே இருக்கின்றன.

படித்தால் நியாயமான சட்டம்தான். ஒரு மனுசனை அவன் பழைய கதையை வைத்துத் தூக்கிலேற்றாதே என்கிறது. ஆனால் இதை எழுதிய கையை நாம் பார்க்க வேண்டும். வரைந்தவர் வைஸ்ராயின் சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அவர் அதே பதவியில் இருந்தபோது, 1871 அக்டோபரில் நிறைவேறியது குற்றப் பரம்பரைச் சட்டம். ஆறு மாதத்துக்குள் இரண்டு சட்டங்கள். ஒன்று, தனிமனிதனின் கெட்ட நடத்தையைப் பேசாதே என்றது. மற்றொன்று, ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பிலேயே கெட்ட நடத்தை உள்ளது என்று அறிவிக்க வழி செய்தது. அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. நன்னடத்தைச் சாட்சி சொல்லக் கூண்டே இல்லை.

1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குறவர், கள்ளர் எனப் பல சமூகங்கள் ரேகைச் சட்டத்துக்குள் வந்தன. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிதான் பேசியது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் போனது. ஆனால் காவல் நிலையத்தின் ஞாபகத்திலிருந்து போகவில்லை. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். திருட்டுச் சந்தேகம் ஒன்று. அவர் குறவர் என்பது இன்னொன்று. பிறந்த சாதியே அவருக்கு எதிரான நடத்தைச் சாட்சி.

மறுபக்கம் பாருங்கள். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. 44 பேர் ஒரே குடிசையில் கருகினார்கள். கீழ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்தாண்டு கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலன் உள்ள பணக்கார மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர், இவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்பக் கடினம் என்றது தீர்ப்பு. நான் இதை நன்னடத்தைச் சாட்சியமாகத்தான் வாசிக்கிறேன். யாரும் கூண்டேறிச் சத்தியம் செய்யத் தேவைப்படவில்லை. காணியும் காரும் சாட்சி சொல்லிவிட்டன. ராஜஸ்தானின் பன்வாரி தேவி வழக்கிலும் 1995இல் இதே கதைதான். வயதான மரியாதைப்பட்டவர்கள், மேல்சாதிக்காரர்கள், அவர்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொடுவார்களா என்று கேட்டது நீதிமன்றம். தீண்டாமையே எதிரிக்கு நற்சான்றிதழ் ஆனது.

நடத்தை என்பதற்குச் சட்டம் தரும் பொருள் பொதுவான பேரும் இயல்பும். பேரை யார் தருவது? ஊர். ஊர் என்றால் சேரி சேராத ஊர். கூலி குறைத்தது, செருப்பைக் கழற்ற வைத்தது, குவளையைத் தனியே வைத்தது, இவையெல்லாம் ஊரில் கெட்ட பேர் வாங்கித் தருவதில்லை. நம்மாளு ஒருத்தன் எதிர்த்துப் பேசினால் அன்றே அவன் ‘ரவுடி’.

இந்தப் பிரிவை ஒழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. பொய் வழக்கில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இது கேடயம்தான். வாத்தியார், உடன் வேலை செய்பவர், சேரியின் பெரியவர், இவர்களை அழைத்து வந்து சொல்ல வைக்கும் உரிமை நமக்கும் உண்டு. நம் வக்கீல்கள் அதைக் கேட்க வேண்டும். வன்கொடுமை வழக்கில் எதிரி தன் யோக்கியதையைச் சாட்சியமாக வைத்தால், பதிலுக்கு அவர் பேரையும் பழைய தண்டனையையும் பேச 49ஆம் பிரிவு கதவு திறக்கிறது. அரசு வக்கீல் அந்தக் கதவைத் தட்டினாரா என்று பார்ப்பது நம் வேலை. தீர்ப்பு வந்தபின் எத்தனை பேர் விடுதலை என்று மட்டும் எண்ணாதீர்கள் தோழர்களே. யாரை எதற்காக யோக்கியன் என்று நீதிபதி நம்பினார், அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.