மாடி டேங்க்கா, பிரஷர் பம்ப்பா?

மொட்டை மாடியில் டேங்க் வைத்த வீடுகளில், அந்த டேங்க்குக்கு நேர் கீழே இருக்கும் குளியலறையில்தான் ஷவர் சொட்டிக்கொண்டிருக்கும். கீழ்த்தளத்துக் கொல்லைக் குழாயிலோ வாளி சீக்கிரம் நிரம்பிவிடும். நீர்மட்டத்துக்கும் குழாயின் வாய்க்கும் உள்ள உயர வித்தியாசமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார். டேங்க் எத்தனை லிட்டர் என்பதற்கு இதில் வேலையில்லை.

தளத்திலிருந்து 3 அடி மேடை கட்டி அதன்மேல் டேங்க் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். மேல்தள ஷவருக்கு 6 முதல் 9 அடி உயரம்தான் கிடைக்கும், அதாவது 0.2 முதல் 0.3 பார். அடுத்த தளத்துக்கு இறங்கினால் இது இரட்டிப்பாகிவிடும். இன்று கடையில் விற்கும் அகலமான மழை ஷவர்கள் பலவும் 1 பாரையொட்டி வடிவமைக்கப்பட்டவை. மேடையை இன்னும் 3 அடி உயர்த்தினாலும் கூடுவது 0.1 பார்தான்.

பிரஷர் பம்ப் இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. குழாயைத் திறந்ததும் தானாக ஓடி, எந்தத் தளமானாலும் 1.5, 2 பார் என்று ஒரே சீராகக் கொடுக்கும். மேல்தளக் குளியலறைக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. ஆனால் பம்ப் வாங்கும் பல வீடுகளுக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். அங்கே குறை அழுத்தத்தில் இல்லை. தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது.

சோதிப்பது சுலபம். ஒரு குழாயில் மட்டும் மெதுவாக வருகிறதா? வாயில் திருகியிருக்கும் வலையைக் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் வரும் வீடென்றால் வெள்ளை உப்புப் பொருக்கு அடைத்திருக்கும். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். ஒரு குழாய் நன்றாக வந்து, இரண்டாவதைத் திறந்ததும் முதல் குழாய் தளர்கிறதென்றால், லைன் ஒடுக்கம். குழாயின் விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீர் ஓட உராய்வில் போகும் இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகிறது. டேங்க்கிலிருந்து இறங்கும் லைனை அரை இஞ்சில் போட்டுவிட்டு டேங்க்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. டேங்க் காலியாகி மறுபடி நிரம்பிய பின் குழாய் சீறிச் சீறித் துப்பினால் லைனில் காற்று அடைத்திருக்கிறது; இறங்கு குழாயில் நீர்மட்டத்துக்கு மேல் வாய் திறந்த ஒரு ஏர் வென்ட் வைத்தால் அந்தத் தொல்லை தீரும். டேங்க் லைனில் இவையெல்லாம் உடனே கண்ணில் படும். பம்ப்பின் வேகமோ இவற்றை மறைத்துவிடுகிறது.

கசிவு விஷயத்தில் நிலைமை தலைகீழ். டேங்க் வீட்டில் ஃப்ளஷ் டேங்க்கின் வாஷர் தேய்ந்து மாதக்கணக்கில் ஒழுகினாலும் சத்தமே கேட்காது. பம்ப் வீட்டில், யாரும் தண்ணீர் தொடாத நடுராத்திரியில் மோட்டார் விட்டுவிட்டு ஓடி அந்த ஒழுகலைக் காட்டிக்கொடுக்கும். அதேசமயம், 0.25 பாரிலிருந்து 2.25 பாருக்கு ஏற்றினால் அதே ஓட்டையில் கசிவு 3 மடங்காகும். பழைய இணைப்புகள் உள்ள வீட்டில் பம்ப் மாட்டுமுன் இதை யோசித்தே ஆக வேண்டும். வாஷிங் மெஷினின் வால்வு சட்டென்று மூடும்போது குழாய் 'டம்' என்று அதிர்வதும் வேகம் கூடிய லைனில்தான் அதிகம்.

தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைப்பது வேறு விஷயம், அதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. உறிஞ்சும்போது பிரதான குழாயில் அழுத்தம் இறங்கி, பழுதான இணைப்புகள் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அதுதான் போகும்.

இரண்டு தள வீட்டுக்கு என் பரிந்துரை இரண்டையும் கலந்ததுதான். டேங்க்கிலிருந்து ஒன்றேகால் இஞ்ச் லைன் இறக்கிக் கீழ்த்தளத்தை அதன் போக்கில் விடுங்கள். மேல்தளக் குளியலறை லைனுக்கு மட்டும் ஒரு சிறிய பம்ப், 1.5 பாருக்கு மேல் வேண்டாம். கரண்ட் போனால் தண்ணீர் நிற்காமலிருக்க, பம்ப்பைச் சுற்றி ஒரு பைபாஸ் குழாயும் அதில், தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒரு என்.ஆர்.வி. வால்வும் போடச் சொல்லுங்கள். பிளம்பர் வேலையை முடித்ததும், மெயின் சுவிட்சை அணைத்து, அந்த ஷவரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே கூலியைக் கொடுங்கள்.