கால் டன் வண்டியும் கூடுதல் பட்டையும்

மலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்பை விற்க வருகிறவர்கள், "சும்மா வீட்டு உபயோகத்துக்கு வச்சிருந்ததுண்ணே" என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. குனிந்து பின்பக்கப் பட்டைக்கட்டை (லீஃப் ஸ்பிரிங்) பார்ப்பேன். கம்பெனி கொடுத்த பட்டைகளுக்கு நடுவே, நிறமும் தடிமனும் வேறாக லாரிப் பட்டை ஒன்று செருகியிருந்தால் அந்த வண்டியின் பிழைப்பு தெரிந்துவிடும். போடி, கம்பம், தேவாரம் பக்கம் அப்படிச் செருகாத பழைய ஜீப் அபூர்வம்.

எங்கள் வீட்டில் இந்தப் பட்டை வேலை ஜீப்பால் வந்ததல்ல. தாத்தா வில்வண்டிக்கு வில் போட்டவர். பட்டைகளை நீளத்தில் படிப்படியாகக் குறைத்து அடுக்கி, நடுவில் ஒரே ஆணியால் இறுக்கும் அந்தக் கட்டும் ஜீப்பின் அடியில் இருக்கும் கட்டும் ஒரே குடும்பம். லண்டனில் குதிரைவண்டி செய்துவந்த ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். வண்டிக்கு அடியில் ஓடிய கனத்த நடுமரம் அதன் பிறகு தேவைப்படவில்லை. வண்டி இலேசானது, உட்கார்ந்தவர் முதுகும் பிழைத்தது. நம் ஊரில் பாரவண்டிக்கு யாரும் வில் வைக்கவில்லை. நெல்மூட்டைக்கு இடுப்பு வலிக்காதே. வில் என்பது மிராசுதார் உட்காரும் வண்டிக்கு உரியது.

1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி செய்ததை இதனால்தான் தொழில்காரன் கண்ணால் பார்க்கத் தோன்றுகிறது. புலையர் நடக்கவே தடையிருந்த பொதுச்சாலையில், அந்தச் சாதியில் பிறந்த வெங்ஙானூர்க்காரரான அவர் தலைப்பாகை கட்டி, மணி கட்டிய காளைகளைப் பூட்டி, சொந்த வில்வண்டியில் போனார். ஏதோ ஒரு வண்டியில் அவர் போகவில்லை. மேல்சாதிக்காரர் மட்டும் உட்காரலாம் என்றிருந்த வண்டியைத் தேர்ந்து வாங்கினார். வரலாற்றில் இந்த இரும்புப் பட்டைக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்பது என் கணிப்பு.

எங்கள் மலைக்கு வில் வரத் தாமதமானது. மூணாறுத் தேயிலை 1908 முதல் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடி வந்து சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். ஏலக்காய்க்கோ கழுதையும் தலைச்சுமையும்தான். தோட்ட வேலைக்குப் போனவர்கள் நடந்தே ஏறினார்கள்.

ஜீப் 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். ராணுவக் கணக்கில் அதன் பெயரே 'கால் டன் லாரி'. பட்டையின் அகலம் ஒன்றே முக்கால் அங்குலம். மெலிந்த பட்டை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு கட்டு, எல்லாம் ஆக்சிலுக்கு அடியில். வண்டி தாழ்ந்து நின்று, சரிவில் கவிழாமல் இருக்க அது உதவியது. 1940களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் இதை உதிரியாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்தது. சி.ஜே. 3பி மாடலை அமெரிக்காவில் 1968இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதே எலும்புக்கூட்டில் டீசல் எஞ்சினைப் போட்டுத் தலைமுறைகள் ஓட்டினோம்.

அந்தக் கால் டன் வண்டிதான் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றியது. உள்ளே பத்துப் பேர், பின்னால் தொங்குகிறவர்கள் தனி, மடியில் தூக்குவாளி. மாலையில் அதே கூட்டம் இறக்கத்தில். பட்டை தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். டிரைவர் வந்து நிற்பார்: "அண்ணே, இன்னொரு பட்டை வச்சு விடுங்க." இந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் பட்டறை வளர்ந்தது.

வைத்தால் என்ன ஆகும்? செருகுவது தடித்த லாரிப் பட்டை; பட்டையின் தடிமன் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. அகலமான லாரிப் பட்டையை கேஸ் கட்டரால் ஒடுக்கிச் செருகுவார்கள். சூடு பட்ட ஓரத்தில் உருக்கின் பதம் போய், விரிசல் அங்கிருந்தே கிளம்பும். தொழிற்சாலையில் பட்டையைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சுட்டு, பதம் கொண்டுவருவதே அதன் உயிர். அந்த உருக்குக்காகத்தான் திருப்பாச்சேத்தி அரிவாள் அடிப்பவர்களும் லாரிப் பட்டையைத் தேடுகிறார்கள். சரி, பட்டை உடையாமல் நின்றுவிட்டால்? வளையாத பட்டை குழியின் அடியை அப்படியே சேஸிஸுக்குத் தள்ளிவிடும். பட்டைக் கண்ணைத் தாங்கும் பிராக்கெட் பக்கத்தில் சேஸிஸ் பிளக்கும். அந்த வெல்டிங்குக்கும் கூலி எங்களுக்குத்தான். நாங்கள் அதை வேண்டாம் என்றதில்லை.

முழுதாக மாற்றும் வேலை நிதானமானது. சக்கரத்தைத் தூக்கினால் போதாது. சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஆக்சிலைத் தனியாக ஜாக்கியில் தாங்க வேண்டும். துருப்பிடித்த யு போல்ட்டுக்கு முதல்நாளே மண்ணெண்ணெய். ஷேக்கிள் பின் வராது, சுத்தியலும் தீயும் கேட்கும். புதுக்கட்டின் சென்டர் போல்ட் தலை ஆக்சில் பேடில் உள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். அது உட்காராவிட்டால் ஆக்சில் கோணலாகி, வண்டி ரோட்டை விட்டுச் சாய்ந்து ஓடும். ஷேக்கிள் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டி தரையில் தன் எடையில் நின்ற பிறகே. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யு போல்ட்டை மறுபடி இறுக்குவதற்கு மட்டும் யாரும் திரும்பி வருவதில்லை.

இப்போது வருகிற இளைஞர்கள் வேறு ரகம். பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி வண்டியை உயரமாக்கக் கேட்கிறார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும், போடிமெட்டு வளைவில் வண்டி ஆடும் என்று சொன்னால் செல்போனில் வீடியோ காட்டுகிறார்கள். உலகமோ சுருள் ஸ்பிரிங்குக்கு எப்போதோ போய்விட்டது: ரேஞ்ச் ரோவர் 1970இல், ஜீப் ராங்ளர் 1997 மாடலில், நம் தார் 2020இல். சுருளில் சொகுசு அதிகம், மறுக்க முடியாது. ஆனால் ஆக்சிலைப் பிடித்து நிறுத்தத் தனிக் கம்பிகள் வேண்டும். பட்டை அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். உடைந்தாலும் கட்டையும் கயிறும் வைத்துக் கட்டி மலையிறங்கிவிடலாம்.

பழைய ஜீப் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செருகிய லாரிப் பட்டையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுங்கள். பட்டைக்கட்டை இடதும் வலதும் ஜோடியாக மாற்றுங்கள், புஷ்ஷோடு சேர்த்து. பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடச் சொல்லாதீர்கள், அது ஒருமுறை நீண்டுபோன இரும்பு. இன்னும் ஆள் ஏற்றிப் பிழைக்கிற டிரைவர் தம்பிகளே, பட்டையைக் கூட்டக் கேட்டு வராதீர்கள், ஆளைக் குறையுங்கள்.