ரோட்டா வைரஸ்: கண்டுபிடிப்பும் தடுப்பு மருந்தும்

ரோட்டா வைரஸ் என்பது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நுண்ணுயிரி ஆகும். காய்ச்சல், வாந்தி, தண்ணீராகப் போகும் பேதி ஆகியவை நோயின் அறிகுறிகள். உடலில் நீர் விரைவாக வற்றிவிடுவதே உயிருக்கு ஆபத்தாகிறது.

கண்டுபிடிப்பு

1970களின் தொடக்கம் வரை, பேதியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய்க்காரணம் தெரியாமலே இருந்தது. மலப் பரிசோதனையில் சிலருக்கு மட்டுமே பாக்டீரியா தென்பட்டது. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், நோயுற்ற ஒன்பது குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். ஆறு குழந்தைகளின் திசுவில் வைரஸ் துகள்கள் காணப்பட்டன. அவை சக்கர வடிவில் இருந்ததால், லத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்னும் சொல்லை இங்கிலாந்தின் தாமஸ் ஃபிளெவெட் பெயராகப் பரிந்துரைத்தார்.

இந்த வைரஸ் ஏழை நாடு, பணக்கார நாடு என்று பார்ப்பதில்லை. தூய குடிநீரும் கைகழுவும் பழக்கமும் மட்டும் இதைத் தடுக்கப் போதவில்லை. ஆனால் மரணம் மட்டும் ஏழை நாடுகளிலேயே குவிந்தது. தடுப்பு மருந்து பரவலாவதற்கு முன்பு, ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

முதல் தடுப்பு மருந்து

1998இல் அமெரிக்காவில் 'ரோட்டாஷீல்டு' அனுமதி பெற்றது. மருந்து பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்குக் குடற்செருகல் ஏற்பட்டதாகக் கணிக்கப்பட்டதால், 1999இல் திரும்பப் பெறப்பட்டது. ரோட்டா வைரஸால் குழந்தைகள் இறப்பது மிகக் குறைவாக இருந்த அமெரிக்காவுக்கு அது பொருத்தமான முடிவு. லட்சக்கணக்கில் குழந்தைகளை இழந்த நாடுகளுக்கோ கணக்கே வேறு. ஆயினும் பிறந்த நாட்டிலேயே கைவிடப்பட்ட மருந்தைத் தம் குழந்தைகளுக்குக் கொடுக்க மற்ற அரசுகள் தயங்கின. 'ரோட்டாடெக்', 'ரோட்டாரிக்ஸ்' ஆகிய புதிய மருந்துகள், தலா 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே பயன்பாட்டிற்கு வந்தன. எல்லா நாடுகளுக்கும் ரோட்டா தடுப்பு மருந்தை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது 2009இல்தான்.

இந்தியாவின் பங்கு

1980களின் நடுப்பகுதியில், தில்லியில் பிறந்த சில குழந்தைகளிடம் நோய் உண்டாக்காத ரோட்டா வைரஸ் வகை ஒன்றை எய்ம்ஸ் மருத்துவர் மகராஜ் கிஷன் பானும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். '116இ' எனப்பட்ட அந்த வகையிலிருந்து ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் 'ரோட்டாவாக்' சொட்டு மருந்தைத் தயாரித்தது. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. முதல் வயதில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை அது 56 விழுக்காடு குறைத்தது. 2014இல் உரிமம் பெற்று, 2016இல் நான்கு மாநிலங்களின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. பின்னர் ரோட்டா தடுப்பு மருந்து நாடு முழுவதும் விரிந்தது.

பாதுகாப்பு முழுமையானதன்று. எனவே சொட்டு மருந்து பெற்ற குழந்தைக்கும் பேதி கண்டால், உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குவதே உயிர் காக்கும் வழி.