டிராலியில் கை மாட்டுவது ஏன்? துண்டான விரலை நேரா ஐஸில் போடலாமா? கிடங்குத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அண்ணே, சரக்கு சாயுது... ஒரு கை புடிங்க!" குடோனில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. பல நேரம், பிடிக்கப் போன அந்தக் கைதான் மாட்டிக்கொள்கிறது.

சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கமெல்லாம் கிடங்குகள் பெருகிவிட்டன. ஆன்லைனில் வாங்கும் மிக்ஸியோ, கார் உதிரி பாகமோ, பேலட் எனப்படும் மரச்சட்டத்தின் மேல் அடுக்கப்பட்டு, ஹேண்ட் பேலட் டிரக்கில்தான் நகர்கிறது. தொழிலாளர்கள் வாயில் அது வெறும் 'டிராலி'.

ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

சாதாரண டிராலியே 2 முதல் 2.5 டன் வரை தாங்கும். கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் ஹைட்ராலிக் அழுத்தத்தில் சுமை தரையை விட்டு எழும்பிவிடும். சமதளத்தில் ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போகலாம். இவ்வளவு லேசாக நகர்வதால் அதன் எடையே மறந்துபோகிறது. ஆனால், ஓட ஆரம்பித்த ஒரு டன் சரக்கைக் கையால் நிறுத்த முடியாது. பல டிராலிகளில் பிரேக்கும் கிடையாது.

பின்னால் பார்க்காமல் இழுத்துவரும்போது கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே விரல்கள் சிக்கும். பக்கவாட்டில் பெட்டிகளை அணைத்துப் பிடித்தபடி வருபவரின் கை கதவு நிலையிலோ ரேக் தூணிலோ நசுங்கும். சுமையை இறக்கும்போது பேலட்டுக்கு அடியில் விரல் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் இழுப்பதைவிடத் தள்ளுவது நல்லது என்கிறார்கள். சரிவில் ஏற்றினாலும் இறக்கினாலும் சுமைக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது. சாயும் சரக்கைத் தடுக்காமல் விலகிவிடுவதே சரி. சரக்கு உடைந்தால் சூப்பர்வைசர் திட்டுவாரே என்ற பயம்தான் கையை நீட்ட வைக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை.

கிளவுஸ் போட்டால் போதாதா?

கிளவுஸ் கீறல், வெட்டு, மரச்சிலாம்பு போன்றவற்றில் இருந்து காப்பாற்றும். ஒரு டன் எடை நசுக்குவதை அது தடுக்காது. தொளதொள கிளவுஸ் கன்வேயர் உருளையில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மோதிரம் இன்னும் மோசம். எங்காவது மாட்டி இழுபட்டால், விரலின் தோலையும் ரத்தக் குழாயையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். கல்யாண மோதிரமாக இருந்தாலும் ஷிஃப்ட் முடியும் வரை கழற்றி வைப்பதே நல்லது.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஃபோர்க்லிஃப்ட்டின் ஹைட்ராலிக் ஹோஸில் ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது. அதிக அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். 'காலையில பார்த்துக்கலாம்' என்று விட்டால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இது உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். கசிவைச் சோதிக்க ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தால் போதும்.

விரல் துண்டாகிவிட்டால்?

முதலில் மெஷினை நிறுத்துங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் தரக் கூடாது.

துண்டான விரலை நேரடியாக ஐஸில் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் திசு உறைந்து கெட்டுவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். முறையாகக் குளிர்வித்தால் விரலை ஒட்டவைக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். தசை அதிகமுள்ள உள்ளங்கை, மணிக்கட்டு என்றால் சில மணி நேரம்தான் அவகாசம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்காயங்களுக்கென்றே சிறப்புப் பிரிவு இருக்கிறது.

இழப்பீடு உண்டா?

ஈஎஸ்ஐ-யில் பதிவான தொழிலாளர் என்றால் சிகிச்சை இலவசம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள், கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்திதான். காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வேலையில் நேர்ந்த காயத்துக்கு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

நிரந்தர ஊனம் என்றால், சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம்.

இதெல்லாம் கிடைக்க, அது வேலையில் நேர்ந்த விபத்து என்று பதிவாகியிருக்க வேண்டும். 'வீட்டுல கதவுல நசுங்கிடுச்சுனு சொல்லிடு, செலவை நாங்க பார்த்துக்கிறோம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மருத்துவமனையில் முதலில் எழுதும் சீட்டிலேயே எங்கே, எந்த மெஷினில் அடிபட்டது என்பதைச் சொல்லிப் பதிய வைக்க வேண்டும்.